விக்கிரமாதித்தன் தோளில் இருந்தது யார்?

ஒரு கையில் உருவிய வாள். தோளில் ஒரு பிணம். சுற்றிலும் சுடுகாடு. நடுவே அஞ்சாமல் நடந்து வருகிறான் ஓர் அரசன்.

இந்தப் படத்தைப் பாராத தமிழ்க் குடும்பங்கள் ஒரு காலத்தில் மிகக் குறைவு. 'அம்புலிமாமா'வில் மாதந்தோறும் வந்த விக்கிரமாதித்தன் வேதாளக் கதையின் தலைப்புப் படம் அது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள்கூட, படத்தைக் கண்டதுமே பேரப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

படத்தைத் தீட்டியவர் ஓவியர் சங்கர். கே.சி. சிவசங்கரன் என்பது முழுப் பெயர். 1924-ம் ஆண்டு கொங்கு நாட்டில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் 1952-ல் சேர்ந்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் அதற்காகப் படம் வரைந்தார். கடைசிக் காலத்தைப் பூந்தமல்லி சாலையில், போரூரை அடுத்த ஐயப்பன்தாங்கலில் கழித்தார். 2020 செப்டம்பர் 29-ந் தேதி அங்கேயே காலமானார். மறைவுக்குப் பிறகு, 2021-ல், அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பத்திரிகையும் 2010-களில் நின்றுவிட்டது. ஆனால் படம் நிற்கவில்லை. பழைய இதழ்கள் இன்று கைப்பேசியில் படிக்கக் கிடைக்கின்றன. பூந்தமல்லியிலும் ஆவடியிலும் அம்பத்தூரிலும் உள்ள சிறுவர் சிறுமியர் அவற்றோடு வேறு பல மாயாஜாலப் படக்கதைகளையும் பார்க்கிறார்கள். "பேய்க் கதை எதற்கு? பாடத்தைப் படி" என்று பெற்றோர் அதட்டுவதும் நடக்கிறது.

அதட்டுவதற்கு முன் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கதையில் கெட்டவன் பேய் அல்ல!

மறைந்திருக்கும் முன்கதை

மாதாந்தரக் கதை எப்போதும் ஒரே மாதிரி முடியும். வேதாளம் கதை சொல்லும், கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் மௌனமாக இருந்தால் அரசனின் தலை வெடித்துவிடும். வாய் திறந்து விடை சொன்னாலோ, வேதாளம் பிணத்தோடு மரத்துக்குத் திரும்பிவிடும். வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிய கதை என்று நாம் பழமொழியாகச் சொல்வது இதைத்தான்.

அரசன் எதற்காகப் பிணத்தைச் சுமந்தான்? மாதாமாதம் படித்த பலரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். விடை பழைய நூலில் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் என்பவர் வடமொழியில் எழுதிய 'கதாசரித்சாகரம்' அந்த முன்கதையைச் சொல்கிறது.

துறவி ஒருவன் நாள்தோறும் அரசவைக்கு வந்து, அரசனுக்கு ஒரு பழம் கொடுத்துவிட்டுப் போவான். அரசன் அதைப் பொக்கிஷக்காரனிடம் தந்துவிடுவான். இப்படியே ஆண்டுகள் பல சென்றன. ஒரு நாள் அரண்மனைக் குரங்கு ஒன்று பழத்தைக் கடித்தது. உள்ளிருந்து விலை மதிப்பற்ற இரத்தினம் ஒன்று விழுந்தது! பொக்கிஷ அறையைத் திறந்து பார்த்தால் பழங்கள் அழுகிப்போயிருந்தன. இரத்தினங்கள் குவிந்து கிடந்தன.

அரசன் வியந்தான். கைம்மாறாக என்ன வேண்டும் என்று கேட்டான். சுடுகாட்டு மரத்தில் தொங்கும் பிணத்தைக் கொண்டு வரும்படி துறவி கேட்டான். அவனுடைய உள்நோக்கமோ வேறு. அரசனையே பலி கொடுத்து, பெரும் சக்தி பெற எண்ணியிருந்தான். தந்த இரத்தினங்கள் எல்லாம் தூண்டிலில் கோத்த இரை!

இந்தச் சதியை அரசனுக்குச் சொல்லிக் காப்பாற்றியது யார்? மந்திரியும் அல்ல, குருவும் அல்ல. தோளில் இருந்த வேதாளம்தான். "விழுந்து வணங்கு என்று துறவி சொல்வான். எப்படி என்று நீயே செய்து காட்டு எனக் கேள்" என்று வழியும் சொல்லிக் கொடுத்தது. துறவி குனிந்து காட்டினான். அரசனின் வாள் அவன் கழுத்தில் விழுந்தது.

படம் சொல்லும் பொருள்

இந்த முன்கதையை அறிந்தபின் சங்கரின் படத்தை மீண்டும் பார்த்தால் அதன் பொருளே மாறிவிடும். வாள் வேதாளத்தை வெட்டுவதற்கு அல்ல. படத்தில் இல்லாத ஒருவனுக்காக அது காத்திருக்கிறது. தோளில் இருப்பது சுமை அல்ல, துணை. அரசன் அஞ்ச வேண்டியது முதுகுக்குப் பின்னால் இல்லை. அவன் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது.

வேதாளத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. தமிழில் வழங்கும் கதைப்படி, அது முன்பு ஓர் அந்தணன். பார்வதிக்குச் சிவபெருமான் தனிமையில் சொன்ன கதைகளை ஒட்டுக் கேட்டு, மனைவிக்குச் சொல்லிவிட்டான். அதனால் வேதாளமாகும்படி சாபம் பெற்றான். யாராவது கவனித்துக் கேட்டு, சிந்தித்து விடை சொன்னால்தான் சாபம் தீரும். பயமுறுத்த வந்த பேய் அல்ல அது. தன் கதையைக் கேட்க ஆள் தேடிய கதைசொல்லி.

எத்தனையோ கேள்விகளுக்கு அரசன் விடை சொன்னான். ஒவ்வொரு முறையும் நடந்த வழியே மீண்டும் நடந்தான். கடைசிக் கேள்விக்கு உண்மையிலேயே விடை தெரியவில்லை. தெரிந்தது போல நடிக்காமல் மௌனமாக நடந்தான். அப்போதுதான் வேதாளம் மனம் மகிழ்ந்து உண்மையைச் சொன்னது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதும் அறிவுதான் என்பது இதன் கருத்து.

இன்றும் பழம் தருகிறார்கள்

இது பழங்கதைதானே என்று தள்ளிவிட முடியாது. அந்தத் துறவி இன்றும் வீடு தேடி வருகிறான். வேடம் மட்டும் மாறியிருக்கிறது. முதல் சில மாதங்கள் தவறாமல் அதிக வட்டி தந்து, பிறகு முதலையே விழுங்கும் மோசடி நிதி நிறுவனம் எது? தினம் ஒரு பழம் தந்தவன்தான். அதிகாரி போலக் கைப்பேசியில் பேசி, வங்கி இரகசிய எண்ணைக் கேட்பவன் யார்? நல்ல வேடத்தில் வந்தவன்தான். தொழிற்பேட்டையிலும் தொழிற்சாலையிலும் மாடாய் உழைத்துச் சேர்த்த காசு இப்படி ஒரே நாளில் பறிபோய்விடுகிறது.

அரசன் செய்த தவறு என்ன? வந்த பழத்தை ஒரு நாளும் பிளந்து பார்க்கவில்லை. அரசனுக்குத் தோன்றாத ஒன்றைக் குரங்கு செய்துவிட்டது!

எழுத்தைக் கூட்டிப் படிப்பது படிப்பின் முதல் படி. "இவன் ஏன் இதைத் தருகிறான்? இந்தப் படத்தில் யார் இல்லை? இதற்கு முன் என்ன நடந்தது?" என்று கேட்பது அடுத்த படி. மாயக் கதைகள் இந்தப் பழக்கத்தைக் குழந்தைகளுக்கு விளையாட்டாகவே கற்றுத் தருகின்றன. அது கைவந்த பிள்ளையைப் பிற்காலத்தில் யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

ஆகவே, பிள்ளையின் கையிலிருந்து படக்கதையைப் பிடுங்க வேண்டாம். வேலை முடிந்து வீடு திரும்பும் தந்தையும், அடுப்படியை முடித்த தாயும், இரவில் கால் மணி நேரம் பக்கத்தில் உட்காரட்டும். பிள்ளை படிக்கட்டும். எழுத்து வராத பெற்றோர் படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம்; கேள்வி கேட்க எழுத்து வேண்டியதில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து நூலகங்களும் பள்ளிகளும் வாரம் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கலாம். தங்கள் பக்கத்தில் வாழ்ந்து மறைந்த அந்த ஓவியரின் ஒரு படத்தைச் சுவரில் மாட்டி, "தோளில் இருப்பது யார்?" என்று பிள்ளைகளைக் கேட்டாலே போதும். அவர் உழைப்புக்கு இதைவிட நல்ல மரியாதை வேறு வேண்டுமா?