பெயரட்டை இல்லாத இலை

அறிவியல் விழா வந்தால், நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் இலைகளைப் புத்தகத்துக்குள் அழுத்தி உலர்த்தி, அட்டையில் ஒட்டிக் கொண்டு வருவர். பார்க்க அழகுதான், புள்ளியும் கிடைக்கும். ஆயினும், எங்கே, எப்போது, யார் பறித்தது என்ற குறிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. குறிப்பில்லாத இலை வெறும் சருகே என்பது என் கருத்து.

கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் உலர்தாவரகம் 1908-இல் தோன்றியது. அங்குள்ள ஒவ்வொரு மாதிரியோடும் இடம், தேதி, சேகரித்தவர் பெயர் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். உலர்ந்தபின் பூவின் நிறம் மங்கிவிடும்; மரத்தின் உயரமும் தாளில் தெரியாது. அவற்றையும் பெயரட்டையே சொல்கிறது. ரிட்லி 1922 முதல் 1925 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட மலாயாத் தாவர நூலும், 2005-இல் தொடங்கிய தீபகற்ப மலேசியத் தாவரவளத் திட்டமும் இத்தகைய மாதிரிகளையே அடிப்படையாகக் கொண்டவை.

தைப்பூசத்தன்று நாம் படியேறும் பத்துமலை ஒரு சுண்ணாம்புக் குன்று. சுண்ணாம்புக் குன்றுகளைத் தவிர வேறெங்கும் வளராத செடிகள் நம் நாட்டில் பல உண்டு. கல்லுடைப்பில் குன்று கரைந்துவிட்டால், அச்செடி அங்கு வாழ்ந்ததற்கு உலர்தாவரகத் தாளே சாட்சி.

ஆகவே ஆசிரியர்களே, ஒட்டும் அழகுக்கு மட்டுமன்றி நான்கு வரிக் குறிப்புக்கும் புள்ளி வழங்குங்கள். பெற்றோர்களே, காட்டுச் செடியைப் பறிக்க விடாமல் வீட்டு முற்றத்து முருங்கையிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். அதன் பெயரை மாணவர் தமிழிலும் மலாயிலும் எழுதட்டும். கண்டதைப் பிழையின்றிப் பதிவதும் மொழிப்பாடமே அன்றோ?