வைகை பழிவாங்குமா?

பழங்காநத்தத்துக் கோவலன் பொட்டலை நம்மில் பலர் அறிவர். கோவலன் வெட்டுண்ட இடம் அதுவே என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. கண்ணகிக்கு வரவிருந்த கேட்டை முன்னரே உணர்ந்தவள் வையை என்கிறார் இளங்கோவடிகள். அவள் தன் கண்ணீரைப் பூவாடையால் மறைத்தாளாம். கோவலனும் கண்ணகியுமோ பூக்களை மட்டுமே கண்டு, தொழுது, தென்கரை சேர்ந்தனர்.

ஆறு அறியும், அழும் என்ற இந்த எண்ணம் நம் குருதியில் ஊறியது. ஆகவே, சுற்றுச்சூழல் பற்றிய நாவலைப் படிக்கும்போதும், மழை பொய்த்தால் 'இயற்கை சினந்தது' என்கிறோம். வெள்ளம் வந்தால் 'பழிவாங்கியது' என்கிறோம். காப்பியத்திற்கு அது அழகு. ஆனால், சினமும் பழியும் ஆற்றினுடையவை ஆகிவிட்டால் மனிதன் செய்தது மறைந்துபோகும் அன்றோ?

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வெளிவந்தது. அதில் வரும் மரம் யாரையும் வாழ்த்தவில்லை, சபிக்கவுமில்லை. நின்றது, நிழல் தந்தது, காய்த்தது, அவ்வளவே. ஆயினும் அதைச் சுற்றி ஓர் ஊரின் வணிகமும் போட்டியும் அரசியலும் வளர்ந்தன. முடிவில் அதற்கு நஞ்சிட்டவர்கள் மனிதர்களே. விருப்பு வெறுப்பு இல்லாமலும் இயற்கை செயலாற்றும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' 2003இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணைக்காக ஊரிழந்த மக்களின் கதை அது. பேயத்தேவரின் வீட்டை நீர் சூழும்போது, 'கொடிய நீரே!' என்று வாசகர் உள்ளம் பதறுகிறது. பள்ளத்தை நிரப்புவது நீரின் இயல்பு. எந்த ஊர் மூழ்கவேண்டும் என்று முடிவு செய்தவர் மனிதர். அந்த அணையின் நீரைத்தான் மதுரையிலிருக்கும் நாமும் குடிக்கிறோம். கண்ணீர் விடும் வாசகருக்கும் அக்கதையில் பங்குண்டு!

இது ஏட்டோடு நிற்கும் செய்தியன்று. 2024 அக்டோபரில் செல்லூர்ப் பகுதி வீடுகளில் வெள்ளம் புகுந்தது. 'மழையின் சீற்றம்' என்று சொல்லி முடித்தால், கண்மாயையும் வாய்க்காலையும் சுருக்கியவர் யாரென்று எவரும் கேளார். நகருக்குள் ஓடும் கிருதுமால் நதியைச் சாக்கடையாக்கியதும் விதியன்று.

மாணவ நண்பர்களே! இலக்கணத்தில் எழுவாயைத் தேடப் பழகியவர்கள் நாம். நாவலிலும் நாளேட்டிலும் 'இயற்கை அழித்தது' என்று காணும்போது, சற்றே நின்று கேட்போம்: இவ்வாக்கியத்தின் உண்மையான எழுவாய் யார்?