எழுதும் பொறியும் ஒப்பமிடும் கையும்



இத்திங்கள் நாம் எழுத எடுத்துக்கொண்ட பொருள், அலுவலகங்களில் இன்று புகுந்துள்ள செயற்கை நுண்ணறிவு. அதன் விஞ்ஞான நுட்பங்களை அறிஞர்கள் ஆராயட்டும். நாம் சொல்ல விரும்புவது ஒரு பிழையைப் பற்றி. அப்பிழை நம்முடையது. பிறர் குற்றத்தை எடுத்துக்காட்டி அறிவுரை வழங்குதல் எளிது. தம் குற்றத்தை எழுதுதல் நாணத்தைத் தருவது. எனினும், நம்மைப் போலவே ஊர் விட்டு ஊர் வந்து பிறமொழி நாட்டில் அலுவல் பார்க்கும் குடும்பங்களுக்கு அது பயன்படும் என்பதால் மறைக்காது எழுதுகிறோம்.

சாலைக் கடைத்தெருவை அடுத்த ஒரு சிறு வணிக நிலையத்தில் கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் நாம் மேற்பார்வை செய்து வருகிறோம். அந்நிலையத்தில் நெடுங்காலம் பணியாற்றிய நாகர்கோவிலைச் சேர்ந்த அன்பர் ஒருவர் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய மனைவியார் மலையாளம் பேசுவார், படிக்க அறியார். கணவருக்கு வரவேண்டிய ஒரு தொகை குறித்து ஓர் அலுவலகத்திலிருந்து மலையாளத்தில் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் நம்மிடம் வந்தார். தமிழில் எழுதித் தருகிறோம் என்று வாங்கி வைத்தோம்.

அன்று கணக்கு முடிக்கும் நாள். வேலை மிகுதி. நம்மிடம் எழுத்தராக இருக்கும் இளைஞரிடம் கடிதத்தைக் கொடுத்தோம். அவர் கைப்பேசியில் அதைப் படம் பிடித்து, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றுக்கு அனுப்பினார். ஒரு நிமிடத்திற்குள் தமிழ் வந்து நின்றது. எவ்வளவு தெளிவான நடை! எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அச்சிட்ட தாளின் அடியில் நாம் ஒப்பமிட்டோம். நிலையத்தின் முத்திரையையும் பதித்தோம். மூலக் கடிதத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதுதான் நம் பிழை.

அத்தமிழில் ஒரு வரி, “அவகாசம் கோருவோர் 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்” என்று இருந்தது. அம்மையார் அதைப் படித்துவிட்டு, “எனக்கு அவகாசம் ஒன்றும் வேண்டாம் அண்ணாச்சி. அவர்கள் கொடுக்கும்போது வாங்கிக்கொள்கிறேன்” என்று கூறிச் சென்றார். தாள் பெட்டிக்குள் போய்விட்டது.

வாசகர்களில் மலையாளம் பயின்றவர்கள் இந்நேரம் பிழையைக் கண்டிருப்பார்கள். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. தமிழில் அவகாசம் என்றால் கால இடைவெளி. வடமொழிச் சொல் ஒன்றே. இரு மொழிகளிலும் புகுந்து இரு வேறு பொருள் கொண்டது. உரிமை கோருவோர் 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதே கடிதத்தின் கருத்து. மலையாளத்தில் அவசரம் என்பது வாய்ப்பு. தமிழில் அது விரைவு. இங்கு வந்து குடியேறிய முதல் ஆண்டில் இத்தகைய சொற்களில் இடறி விழாத தமிழர் யார்? நாம் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டோம். பொறியும் அதே இடத்தில் விழுந்தது. ஆயினும் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இருபத்துநான்காம் நாள், வஞ்சியூரில் பத்திரம் எழுதும் முதியவர் ஒருவர் வேறு காரியமாக அவ்வீட்டிற்குச் சென்றவர் மூலக் கடிதத்தைக் கண்டார். அன்று மாலையே நமக்குச் சொல்லியனுப்பினார். வாரிசுச் சான்றிதழ் முன்பே பெற்றிருந்தமையால், இருபத்தெட்டாம் நாள் விண்ணப்பம் சேர்க்கப்பட்டது. பெற்றுக்கொண்டமைக்கான சீட்டு கைக்கு வந்தபோதுதான் நமக்கு உயிர் வந்தது. முதியவர் அன்று அங்குச் செல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணவே அச்சமாக இருக்கிறது.

இளைஞரை அழைத்தோம். “அண்ணாச்சி, இரண்டு மொழியும் அதற்குத் தெரியும் என்று நம்பிவிட்டேன்” என்றார். “தம்பி, நீங்கள் பொறியை நம்பினீர்கள்; நாம் உங்களை நம்பினோம்; அந்த அம்மாள் நம் ஒப்பத்தை நம்பினார். குற்றம் முதலில் ஒப்பமிட்டவருக்கு” என்றோம். மனத்தைத் தேற்றுவதற்காகச் சொன்ன சொல்லன்று அது, உண்மை அதுவே.

நிற்க. இப்பொறி ஏன் இவ்வாறு பிழை செய்கிறது என்பதைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் இவ்வகைக் கருவிகள் உலகெங்கும் பரவின. அளவிறந்த எழுத்துக்களைக் கொண்டு பயிற்றப்பட்டவை அவை. ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வருதல் பொருத்தம் என்று கணித்துக் கணித்து வாக்கியத்தை வளர்த்துச் செல்கின்றன. பொருத்தமாகத் தோன்றுவது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும், சிலபோது இராது. இரண்டையும் ஒரே உறுதியான குரலில் கூறுவதே இடர். மனித எழுத்தர் ஐயமுற்றால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இடுவார். பொறி பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. ஆங்கிலத்தோடு ஒப்பிட, தமிழிலும் மலையாளத்திலும் அது பயின்ற எழுத்து மிகக் குறைவு. ஆதலால் நம் மொழிகளில் இன்னும் விழிப்பு வேண்டும்.

நம்மைப் போன்ற சிறு நிலையத்தார் மட்டுமே ஏமாந்தனர் என்று எண்ண வேண்டா. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர் இருவர், சாட்ஜிபிடி கற்பித்துக் கொடுத்த இல்லாத வழக்குகளை முன் தீர்ப்புகளாக நீதிமன்றத்தில் காட்டி, 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பெற்றனர். 2025இல் ஆஸ்திரேலிய அரசுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்த டெலாய்ட் நிறுவனம், அதில் இல்லாத நூல்களும் தவறான மேற்கோள்களும் இருந்தமை வெளிப்பட்டதால், பெற்ற ஊதியத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. இரு நிகழ்ச்சிகளிலும் பொறியை எவரும் தண்டிக்கவில்லை. தண்டிக்கவும் இயலாது. பெயரைக் கீழே எழுதியவரே விடை கூற நேர்ந்தது.

நாம் வாழும் கேரளத்திலேயே இதற்கு ஒரு நல்ல வழிகாட்டு உண்டு. கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜூலை 19ஆம் நாள், மாவட்ட நீதித்துறையில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது பற்றிய கொள்கை ஒன்றை வெளியிட்டது. நீதிபதிகள் முதல் பயிற்சிக்கு வரும் மாணவர் வரை அனைவரையும் அது கட்டுப்படுத்தும். முடிவு காண்பதற்கோ, தீர்ப்பு எழுதுவதற்கோ இக்கருவிகளைப் பயன்படுத்தலாகாது. ஒப்புதல் பெற்ற கருவிகளையே கையாள வேண்டும். சாட்ஜிபிடி, டீப்சீக் போன்ற பொதுக் கருவிகளைத் தவிர்க்க வேண்டும். எப்போது, எதற்காகப் பயன்படுத்தினோம் என்பதைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பன அதன் விதிகள். மொழிபெயர்ப்பைத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. இந்த விதியைப் படித்தபோது நம் தலை குனிந்தது. நீதிமன்றமே தேவை என்று கருதிய காவலை, நாம் ஒரு கைம்பெண்ணின் கடிதத்திற்குச் செய்யவில்லையே!

நம் பிழை ஒன்றன்று, இரண்டு. இரண்டாவது, கடிதத்தை முழுமையாகப் படம் பிடித்து அனுப்பியது. அதில் மறைந்தவரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், அம்மையாரின் முகவரி யாவும் இருந்தன. அவருடைய இசைவை நாம் கேட்கவில்லை. அவை நம் உடைமை அல்ல. பிறர் நம்பி நம்மிடம் கொடுத்தவை. இவ்வாறு அனுப்பியவை அக்கருவியை நடத்தும் நிறுவனத்தின் கணிப்பொறிகளுக்குச் செல்கின்றன. சில கருவிகளில், மேலும் பயிற்றுவதற்கும் அவை எடுத்துக்கொள்ளப்படலாம். எய்த அம்பை மீட்க வழியில்லை.

தென்கொரியாவின் சாம்சங் நிறுவனத்தில், 2023இல் ஊழியர் சிலர் வேலையை விரைந்து முடிக்க எண்ணி, நிறுவனத்தின் இரகசிய நிரல்களைச் சாட்ஜிபிடியில் இட்டனர். அதன்பின் அந்நிறுவனம் இத்தகைய கருவிகளின் பயன்பாட்டைத் தடை செய்தது. நம் மத்திய நிதியமைச்சகமும் 2025 ஜனவரி 29ஆம் நாளிட்ட குறிப்பில், அலுவலகக் கணிப்பொறிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் முதலியவற்றைத் தவிர்க்குமாறு ஊழியர்களுக்கு அறிவித்தது. தனிநபர் விவரங்களைக் காப்பதற்கென 2023இல் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தக்க பாதுகாப்புச் செய்யத் தவறும் நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அச்சட்டத்தில் இடமுண்டு.

இவ்வளவும் கூறியதால், கருவியே வேண்டா என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளற்க. கழக்கூட்டத்தில் 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கில் நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பணிபுரிகின்றனர். அவர்களிடம் இக்கருவியைத் தொடாதே என்பது, கணக்கனிடம் பேனாவைத் தொடாதே என்பது போலாகும். நீண்ட அறிக்கையைச் சுருக்கவும், தெரியாத ஒன்றைத் தொடக்க நிலையில் விளங்கிக்கொள்ளவும், ஆங்கிலக் கடிதத்தின் நடையைத் திருத்தவும் அது நல்ல துணை. ஆங்கிலம் எழுதத் தயங்கும் நம் இளைஞர் பலருக்கு அது துணிவையும் தந்திருக்கிறது. அதை மறுப்பது நன்றியின்மை. ஆயினும், வேலைக்கு வந்த புதிய ஆளிடம் பெட்டகச் சாவியை முதல் நாளே கொடுப்பார் உண்டோ?

ஆகவே எங்கள் நிலையத்தில் இப்போது சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டுள்ளோம். பெயர், எண், முகவரி, ஊதியம், நோய் முதலிய பிறர் விவரம் எதையும் கருவியில் இடுவதில்லை. இன்றியமையாதபோது அவற்றை நீக்கிவிட்டு, கேள்வியை மட்டும் கேட்கிறோம். வாடிக்கையாளரின் கணக்கையும் கடவுச்சொற்களையும் எக்காரணத்தாலும் கொடுப்பதில்லை. கருவி தந்ததை வரைவு என்றே கொள்கிறோம். தேதி, தொகை, சட்டப் பிரிவு, கெடு ஆகிய நான்கையும் மூலத்தோடு விரல் வைத்து ஒப்பிடுகிறோம். மலையாளக் கடிதமானால், மலையாளம் நன்கறிந்த ஒருவர் படித்துச் சொன்ன பின்னரே தமிழ்த் தாள் வெளியே போகிறது. கருவியின் உதவி பெற்ற தாளில் அதனை ஓரத்தில் குறித்து வைக்கிறோம். பிழை கண்டால் மறைக்காமல் அன்றே சொல்லிவிட வேண்டும் என்பது எல்லாவற்றிலும் முதன்மையானது. அஞ்சி மறைத்த பிழையே பெருகி வளர்கிறது.

பெரிய நிறுவனங்களில் பணிபுரியும் பிள்ளைகள், தம் அலுவலகம் எக்கருவியை ஒப்புக்கொண்டுள்ளது என்று மேலாளரிடம் கேட்டறிய வேண்டும். வீட்டிலிருந்து பணிபுரியும் பெண்மக்களுக்கும் இது பொருந்தும். அலுவலகத் தாளைத் தம் சொந்தக் கைப்பேசியில் உள்ள செயலிக்கு அனுப்புவது, அத்தாளைத் தெருவில் உள்ள அறிமுகமற்றவரிடம் கொடுப்பதை ஒக்கும். பெற்றோர் இதனை உணவு வேளையில் மெல்ல எடுத்துச் சொல்லலாம். கருவியின் நுட்பம் பெற்றோருக்குத் தெரியாதிருக்கலாம். பிறர் பொருளைக் காக்கும் ஒழுக்கம் அவர்களுக்குத் தெரியுமே!

நம் நாட்டுக் கோயிற் கல்வெட்டுக்கள் பலவற்றின் முடிவில், “இவை இன்னான் எழுத்து” என்று ஒரு தொடர் காணப்படும். நிலம் கொடுத்தவரும், வாங்கியவரும், சான்று நின்றவரும், கணக்கு எழுதியவரும் தத்தம் பெயரைப் பொறித்துச் சென்றனர். எழுதியது கல்லாயினும் ஓலையாயினும், அதன் மெய்ம்மைக்கு ஓர் ஆள் பொறுப்பு ஏற்றான் என்பதே அதன் பொருள். இன்று எழுதும் கருவி மாறியிருக்கிறது. கீழே பெயர் இடுபவன் மாறவில்லை. பொறி எழுதிய வரியாயினும், ஒப்பமிடும்போது அதை நம் எழுத்து என்றே ஏற்கிறோம். அவ்வாறு கூற மனம் துணியாத தாளில் ஒப்பமிடாதிருத்தலே அறிவுடைமை.

அம்மையார் சென்ற வாரம் மீண்டும் ஒரு கடிதத்துடன் வந்தார். இம்முறை நாம் மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு, மலையாளத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, ஐயமான சொற்களை வஞ்சியூர் முதியவரிடம் கேட்டுத் தெளிந்து, நம் கையாலேயே எழுதிக் கொடுத்தோம். அரை நாள் ஆயிற்று. அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதை நீங்களே எழுதினீர்களா அண்ணாச்சி?” என்று கேட்டார். ஆம் என்று சொல்ல முடிந்ததே, அதுவே நமக்குப் பெரிய நிறைவு.