சௌமியா சுவாமிநாதன்: கிளம்பும்போது ஒப்புக்கொண்ட அந்தத் தவறு

சௌமியா சுவாமிநாதன் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது, அவர் எம்.எஸ்.சுவாமிநாதனின் மகள் என்பதுதான். அடுத்தது, கொரோனா காலத்தில் டிவியில் பார்த்த உலக சுகாதார நிறுவன விஞ்ஞானி. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நீண்ட கதை இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டாதான், அவர் கடைசியில் ஒப்புக்கொண்ட ஒரு தவறின் கனம் புரியும்.

சேத்துப்பட்டில் தொடங்கிய பயணம்

குழந்தைகள் நல மருத்துவரான சௌமியா, 1992-ல் சென்னை சேத்துப்பட்டில் உள்ள மத்திய அரசின் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். சாதாரண இடமில்லை அது. சானடோரியத்தில் படுக்க வைக்காமல், வீட்டிலேயே மருந்து கொடுத்தும் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1950-களின் இறுதியில் உலகத்துக்கு நிரூபித்தது, இந்த நிலையத்தின் ஆய்வுதான்.

குழந்தைகளுக்கு வரும் காசநோய், எச்ஐவியோடு சேர்ந்து வரும் காசநோய். இதுதான் அவருடைய ஆராய்ச்சி. பெரிய பணமோ புகழோ கிடைக்கும் துறை இல்லை; நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள். பிறகு அதே நிறுவனத்தின் இயக்குநர். 2015-ல் ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் தலைமை இயக்குநர். 2017-ல் ஜெனீவா. 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி.

எது அந்தத் தவறு?

2020 மார்ச்சில், கொரோனா காற்றில் பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் அடித்துச் சொன்னது. அந்த ஜூலையில், 239 விஞ்ஞானிகள் காற்றுவழிப் பரவலைக் கவனியுங்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நிறுவனத்தின் விளக்கம் தெளிவாக மாறியது 2021-ல்தான். அதுவரை நாம என்ன செய்தோம்? காய்கறியைக் கழுவினோம், கதவுக் கைப்பிடியைத் துடைத்தோம். ஜன்னலைத் திறந்து வைக்கணும்னு எத்தனை பேர் நினைச்சோம்?

2022 நவம்பரில் பதவியிலிருந்து விடைபெறும்போது, காற்றில் பரவும் என்பதை இன்னும் முன்னதாகவே சொல்லியிருக்க வேண்டும் என்று சௌமியா வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். காசநோயும் காற்றில் பரவும் நோய்தான். அதோடு இத்தனை வருடம் போராடியவர் வாயிலிருந்து அது வந்தது என்பதுதான் உறுத்துகிறது.

பாராட்டா, விமர்சனமா?

என் பதில்: இரண்டும். பெரிய பதவியில் இருந்தவர்கள் தவறை ஒப்புக்கொள்வது நம்ம ஊரில் அபூர்வம். அதற்காக அவரைப் பாராட்டணும். ஆனால் அந்த வார்த்தை, நாற்காலியில் இருக்கும்போதே வந்திருந்தால் அதன் மதிப்பு வேறு. முடிவு அவர் ஒருவர் கையில் இல்லை, உண்மைதான். அதனால்தான் கேள்வி ஒரு தனிமனிதரோடு நிற்கவில்லை. பதவியில் இருக்கும் விஞ்ஞானி, தன் நிறுவனம் சொல்வது தவறு என்று அப்போதே சொல்ல முடிகிறதா? சொன்னால் அவருக்குப் பாதுகாப்பு உண்டா?

நம்ம ஆபீஸ் மீட்டிங்கிலேயே பாஸ் சொல்றது தப்புன்னு சொல்லத் தயங்குறோம். ஆனா பொது சுகாதாரத்தில் அந்தத் தயக்கத்துக்கு விலை, மனித உயிர். அடுத்த பெருந்தொற்றுக்கு முன்னால் நாம் சரிசெய்ய வேண்டியது ஆய்வகங்களை மட்டுமல்ல, இந்தத் தயக்கத்தையும்தான்.