வின்டேஜ் என்பது ஒரு வாஷ்

முதலிபாளையம் சிட்கோவைச் சுற்றி வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பொருளைப் பழசாக்குவது எப்படி என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நேற்றுத் தைத்த டி-ஷர்ட்டை என்சைம் போட்டு வாஷிங் மெஷினில் சுழலவிட்டால் ஒரு மணி நேரத்தில் அதற்குப் பத்து வயசு ஏறிவிடும். பிரிண்டில் வெடிப்பு வேணுமா, அதற்குக் கிராக் பேஸ்ட் இருக்கிறது. தையல் ஓரம் வெளுக்கணுமா, அதற்கும் ஒரு வாஷ் இருக்கிறது. சாம்பிள் ஓகே ஆனதும் ஆயிரம் பீஸும் ஒரே மாதிரி பழசாகிப் பெட்டியில் ஏறும். 'வின்டேஜ்' என்பது எங்களுக்குக் காலத்தைக் குறிக்கும் சொல் கிடையாது. டெக் பேக்கில் வாஷ் என்கிற கட்டத்துக்கு எதிரே எழுதப்படும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

பகலில் நான் மெர்ச்சண்டைசர். திருவிழா சீசனில் பல வருஷம் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்தவன். இந்த இரண்டு வேலையும் தெரிந்ததாலோ என்னவோ, இசை பற்றி எழுதும் தம்பிகளும் தங்கைகளும் 'வின்டேஜ் டோன்' என்று உருகும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதிலும் பழைய ஆறு தந்தி பேஸ் கிட்டார் என்றால் போதும், கர்ப்பகிரகத்துக்குள் நுழைந்த மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நான் சொல்ல வருவது இதுதான்: நீங்கள் கும்பிடுகிற அந்தக் கருவி மலிவாகச் செய்யப்பட்ட ஒரு வினோதச் சாமான். அதன் சத்தம் வேலைக்குப் போன மனுஷர்களின் கையில் உண்டானது. கருவியைக் கும்பிடுவது, அந்தக் கைகளுக்குப் பட்ட கடனை மறப்பதற்கு ரொம்ப வசதியான வழி. அமெரிக்காக்காரன் கடனைவிட நம்ம ஊர்க் கடன் பெரிசு.

முதலில் அந்தச் சாமானைப் பார்த்துவிடலாம். 1956-இல் நியூ ஜெர்சியில் நேதன் டேனியல் என்பவர் தன் டேன்எலக்ட்ரோ கம்பெனியில் யூபி-2 என்ற ஆறு தந்தி எலக்ட்ரிக் பேஸைக் கொண்டுவந்தார். சாதாரண கிட்டாரின் அதே சுருதி அமைப்பு, ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ, ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. டேனியல், சியர்ஸ் என்கிற கடைக்கும் அதன் கேட்லாக்குக்கும் விலை குறைந்த கிட்டார்கள் செய்து கொடுத்தவர். உடலுக்கு விலை உயர்ந்த மரம் என்று தேடி அலையவில்லை. மரச் சட்டத்தின் மேல் மேசோனைட் அட்டையை ஒட்டினார். நம்ம ஊரில் ஹார்ட்போர்டு என்று சொல்லி அலமாரிக்குப் பின்னால் அடிக்கிறோமே, அந்தச் சாதி. தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பை லிப்ஸ்டிக் குப்பிக்குள் அடைத்தார். உவமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே லிப்ஸ்டிக் போடுகிற உலோகக் குப்பிதான். இன்றைக்கும் அதற்கு லிப்ஸ்டிக் பிக்கப் என்றே பேர்.

1961-இல் ஃபெண்டர் கம்பெனி தன் பங்குக்கு ஃபெண்டர் சிக்ஸ் என்ற பேஸை இறக்கியது. பத்து வருஷம் முன்னால் வந்த அவர்களுடைய நாலு தந்தி பிரசிஷன் பேஸில் தந்தி ஓடும் நீளம் 34 அங்குலம். இதில் 30 அங்குலம்தான். மூன்று பிக்கப், கூடவே சுருதியை ஆட்டிவிடுகிற வைப்ரட்டோ கைப்பிடி. 1963-இல் அடித்தொனியை வெட்டிவிடும் ஒரு சுவிட்சைச் சேர்த்தார்கள். வாசிக்கிறவர்கள் அதற்குக் 'கழுத்தை நெரிக்கிற சுவிட்ச்' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். பேஸ் கிட்டாரில் பேஸைக் குறைக்க ஒரு சுவிட்ச்! கிட்டாருக்கும் பேஸுக்கும் நடுவில் பிறந்த பிள்ளையை எந்த வீட்டில் வளர்ப்பது என்று செய்தவர்களுக்கே தெளிவில்லை. பேஸ் வாசிப்பவர்களுக்குத் தந்திகள் ரொம்ப நெருக்கம், கிட்டார்காரர்களுக்கு ரொம்பத் தளர்வு. 1975-இல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள்.

அப்படியானால் அதன் சத்தம் எங்கிருந்து வந்தது? தேவையிலிருந்து. நாலு தந்தி பேஸின் அடித் தந்தி விநாடிக்கு 41 முறை அதிரும். சின்ன ரேடியோப் பெட்டியின் உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் அந்த அதிர்வைக் காற்றுக்குத் தரவே தராது. 82, 123, 164 என்று அதன் மடங்குகளில் வரும் மேல் அதிர்வுகளைக் கேட்டுத்தான் நம் மூளை, 'கீழே ஒரு 41 இருக்கணும்' என்று தானே நிரப்பிக்கொள்கிறது. நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில் இருந்தவர்கள் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டார்கள். பெரிய டபுள் பேஸ் வாசிக்கிற அதே ஸ்வரங்களை ஆறு தந்தி பேஸிலும் கூடவே வாசிப்பது. பிக் போட்டு, தந்தியை உள்ளங்கையால் லேசாக அமுக்கி, 'டிக் டிக்' என்று வெட்டி வெட்டி. பெரிய கருவி உடம்பைத் தரும், சின்னது முகத்தைத் தரும். இதற்கு டிக்-டேக் பேஸ் என்று பேர். பேட்ஸி க்ளைன் 1961-இல் பாடிய 'கிரேஸி' பாட்டில் ஹெரால்டு பிராட்லி ஆறு தந்தி பேஸ் வாசித்தார். 'வின்டேஜ் மேஜிக்' என்று நீங்கள் உருகுவது இந்த உள்ளங்கை அமுக்கலைத்தான்.

அதே கருவி வேறு கையில் வேறு ஆளாகிவிடும். இங்கிலாந்தில் ஜெட் ஹாரிஸ் கையில் ஆறு தந்தி பேஸ் துணைக்கு நிற்கவில்லை, மெட்டையே பாடியது. 1968-இல் க்ளென் கேம்பெல் 'விசிட்டா லைன்மேன்' பாட்டில், பேஸ் கலைஞர் கரோல் கேயிடம் இரவல் வாங்கிய டேன்எலக்ட்ரோவில் ஒரு தனி வாசிப்பு வாசித்தார். பாடகரின் குரல் போகாத ஆழத்தில் அந்தத் தந்தி போய்ப் பேசிவிட்டு வரும். இதே காலத்தில்தான் பீட்டில்ஸின் 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்' பாட்டில் மெக்கார்ட்னி பியானோவில் உட்கார, ஜான் லெனன் ஃபெண்டர் சிக்ஸை எடுத்தார். ஸ்வரம் தடுமாறுவது இன்றைக்கும் காதில் விழும். அசல் அறுபதுகளின் கருவி, அசல் மரம், அசல் பிக்கப், வாசித்தவரோ உலகப் புகழ் கலைஞர். பேஸ் வாசிப்பது தனி வேலை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேணுமா?

"அப்படிச் சொல்லாதீங்கண்ணா, பழைய பிக்கப்போட காந்தம், அந்தக் காலத்துத் தந்தி, இதெல்லாம் சும்மாவா?" என்று கேட்பீர்கள். சும்மா இல்லை. குட்டை நீளமும் மெலிந்த தந்தியும் சத்தத்தை மாற்றும். மழமழவென்று தட்டையாகச் சுற்றிய ஃபிளாட்வவுண்ட் தந்தி, மேல் அதிர்வுகளைக் குறைத்து மொத்து மொத்தென்று ஒலிக்கும். பிக்கப் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஆனால் இதெல்லாம் அளவுகள். அளந்து மறுபடி செய்யலாம், செய்தும் விட்டார்கள். 2013-இல் ஸ்குவையர் பிராண்டில் ஃபெண்டரே இந்த ஆறு தந்தி பேஸை மலிவாகக் கொண்டுவந்தது. மறுபடி செய்ய முடியாதது வயசு ஒன்றுதான் என்கிறீர்களா? அதற்கும் வழி உண்டு. 1995 முதல் ஃபெண்டரின் கஸ்டம் ஷாப், புதுக் கிட்டாரைத் தேய்த்து, பெயிண்டைச் சுரண்டி, உலோகத்தைத் துருப்பிடிக்க வைத்து, 'ரெலிக்' என்று பேர் வைத்துக் கூடுதல் விலைக்கு விற்கிறது. எங்கள் ஊர் வாஷுக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம்: எங்களுக்குக் கூடுதல் விலை கிடைப்பதில்லை.

ஆறு தந்தி என்பதை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டவரும் உண்டு. ஆண்டனி ஜாக்ஸன் 1975-இல் கார்ல் தாம்ஸனிடம் சொல்லி, கீழே ஒரு பி தந்தி, மேலே ஒரு சி தந்தி சேர்த்த ஆறு தந்தி பேஸைச் செய்ய வைத்தார். பேஸ் கிட்டாரும் கிட்டார் குடும்பம்தானே, அதற்கு மட்டும் ஏன் நாலு தந்தி என்பது அவர் வாதம். அவர் பழசைத் தேடிப் போகவில்லை. தன் காதுக்குக் கேட்ட, இன்னும் செய்யப்படாத ஒன்றைக் கேட்டு வாங்கினார். இதைத்தான் மரபு என்று நான் நினைக்கிறேன்.

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம். பேஸ் என்பது அடியில் கிடக்கிற கல் மட்டுமில்லை, அதுவும் பாடும் என்பதுதான் இந்த ஆறு தந்திக் கதையின் சாரம். அதை நம்மவர்கள் நாலு தந்தியிலேயே சாதித்துக் காட்டிவிட்டார்கள். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாட்டை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். மேலே ஆர். சந்திரசேகரின் கிட்டார் ஸ்வரங்களைத் தனித்தனியாக உதிர்த்துக்கொண்டே போகும். கீழே சசிதரனின் பேஸ் அதற்கு ஆமாம் போடாமல் தன் வழியில் நடக்கும். பாடகர் மூச்சு விடும் இடத்தில் இது ஒரு சொல் சொல்லும். குரலை எடுத்துவிட்டு பேஸை மட்டும் முணுமுணுத்தாலும் பாட்டு எதுவென்று தெரியும். ஆனால் இணையத்தில் இது 'ராஜா பேஸ்லைன்'. சந்திரசேகர் பேர் எப்போதாவது வரும். சசிதரன் பேர் வருவது அதைவிட அபூர்வம். நாஷ்வில்லில் 1961-இல் யார் எந்தக் கருவி வாசித்தார் என்று தெரிந்த தம்பிக்கு, கோடம்பாக்கத்தில் 1982-இல் வாசித்தவர் யார் என்று தெரியாது.

"ஸ்வரத்தை முழுக்க எழுதிக் கொடுத்தது இளையராஜா, அவர் பேரைச் சொன்னால் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. அவர் ஒவ்வொரு கருவிக்கும் தானே எழுதுகிறவர், பேஸுக்கும்தான். அந்தப் பெருமையில் ஒரு குன்றிமணி கூட நான் குறைக்கவில்லை. ஆனால் எங்கள் தொழிலில் பேட்டர்ன் மாஸ்டர் என்று ஒருவர் உண்டு. அவர் வெட்டிக் கொடுத்த அதே பேட்டர்ன், அதே துணி, இரண்டு டெய்லரிடம் போனால் இரண்டு காலர் வரும். ஒன்று படியும், ஒன்று நெளியும். துணியை எங்கே லேசாக இழுக்கணும், எங்கே விடணும் என்பது பேட்டர்னில் இருக்காது, விரலில் இருக்கும். இசைத்தாளும் அப்படித்தான். எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம் என்று அது சொல்லும். பிக் தந்தியில் எந்த இடத்தில் விழணும், எந்த ஸ்வரத்தை அரை நொடி முன்னால் சாகடித்தால் அடுத்தது பிறக்கும் என்று சொல்லாது. அதுவும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே டேக்கில் வாசித்த காலத்தில், ஒருவர் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து. அந்தப் பயத்தோடு அவ்வளவு நிதானமாக வாசித்த மனுஷனுக்குப் பேர் வேண்டாமா?

டி-ஷர்ட் லேபிளில் பிராண்ட் பேர் இருக்கும், நாட்டின் பேர் இருக்கும், துணி என்ன, எப்படித் துவைக்கணும் என்று இருக்கும். தைத்தவர் பேர் மட்டும் இருக்காது. பழைய இசைத்தட்டு உறையும் கேசட் அட்டையும் அதே லேபிள்தான். இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர், அதோடு முடிந்தது. வாசித்தவர்களுக்குக் கால்ஷீட் கணக்கில் கூலி, எங்கள் பீஸ் ரேட் மாதிரி. தொண்ணூறுகளில் ஏ.ஆர். ரஹ்மானின் ஆல்பங்களில் வாசித்தவர்கள் பேர் அச்சாகத் தொடங்கியபோதுதான் கீத் பீட்டர்ஸ் என்ற பேஸ் கலைஞரின் பேர் ரசிகர் கண்ணில் பட்டது. அட்டையில் நாலு வரி அச்சடிக்க இடம் இருந்திருக்கிறது, முன்னால் மனசுதான் இல்லை. இன்றைக்கு ஸ்ட்ரீமிங் செயலியில் இடத்துக்கு என்ன பஞ்சம்? அதே பழைய பாட்டைத் திறந்தால் அதே மூன்று பேர்தான்.

இதில் நஷ்டம் வெறும் மரியாதை நஷ்டம் கிடையாது. எங்கள் பக்கம் மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு மெல்லிசைக் குழு வரும். கமிட்டிக்காரர்கள் பேரம் பேசிப் பணத்தைக் குறைக்கும்போது குழுவிலிருந்து முதலில் கழற்றி விடப்படுபவர் பேஸ்காரர். கீபோர்டுக்காரர் இடது கையில் சமாளித்துக்கொள்வார், இல்லையென்றால் டிராக் போட்டுவிடலாம். எனக்கும் அப்படி நடந்திருக்கிறது. "அந்தப் பேஸு சத்தம் யாருக்குங்க தனியாக் கேக்குது?" என்றார் ஒருவர். அவர் கேட்டது நேர்மையான கேள்வி. பேரே சொல்லப்படாத சத்தத்தைத் தனியாகக் கேட்கக் காதுக்கு யார் பழக்கிக் கொடுத்தார்கள்? பாடகர் பேரைச் சொல்லிச் சொல்லி நாம் குரலைக் கேட்கக் கற்றோம். பேஸ்காரர் பேரைச் சொல்லாததால் பேஸை ஒரு அதிர்வாக மட்டும், பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் உறுமுகிற பெட்டியாக மட்டும் தெரிந்துவைத்திருக்கிறோம். காதில் விழாதவனுக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாத வேலையை அடுத்த தலைமுறை கற்காது. இவ்வளவு எளிமையான கணக்கு இது.

எழுதுகிற தம்பி தங்கைகளிடம்தான் இதைக் கேட்க முடியும், கமிட்டிக்காரர்களிடம் கேட்க முடியாது. ஃபெண்டர் சிக்ஸ் பற்றி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மேசோனைட், லிப்ஸ்டிக் குப்பி, 30 அங்குலம் எல்லாம் சுவாரசியமான சங்கதிதான். ஆனால் எழுதும்போது வாசித்தவர் பேரைக் கருவியின் பேருக்கு முன்னால் போடுங்கள். அடுத்த முறை ஒரு தமிழ்ப் பாட்டைப் பற்றி எழுதும்போது அதில் பேஸ் யார் என்று தேடுங்கள். அந்தக் காலத்தில் வாசித்தவர்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். போய்க் கேளுங்கள். அவர்கள் கிட்டாரை விலைக்குக் கேட்காதீர்கள், எந்தப் பாட்டு, எந்தக் கூடம், கூட யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். பழைய கருவியை எப்போது வேண்டுமானாலும் புதிதாகச் செய்து பழசாக்கிக்கொள்ளலாம், அதற்கு நாங்கள் இருக்கிறோம். அந்த மனுஷர்களின் ஞாபகத்துக்கு மட்டும் எந்த வாஷிங் யூனிட்டிலும் மறுபதிப்பு கிடையாது.