விவேகமும் வெற்றுக் கட்டமும்

இற்றைநாட் போட்டிப் பரீட்சைகளில் மாணவரைப் பெரிதும் மருட்டுவது கணக்குமன்று, கட்டுரையுமன்று. எழுத்தொன்றும் இல்லாத ஒரு சிறு சித்திரமே. மூன்று நிரையும் மூன்று நிரலுமாக ஒன்பது கட்டங்கள். எட்டில் உருவங்கள் உள. ஒன்பதாவது வெறுமையாய்க் கிடக்கும். கீழே சில உருவங்களைத் தந்து, அவ்வெற்றிடத்துக்கு உரியது எது என்று வினவுவர். அங்கே வாய்பாடு உதவாது. மனனஞ் செய்த எதுவும் கைகொடாது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு அமரும் பத்து வயதுக் குழந்தை முதல் அரசாங்க சேவைக்குப் போட்டியிடும் பட்டதாரி வரை, பலரும் இத்தகைய வினாவின் முன் ஒருநாள் இருந்தேயாக வேண்டியுள்ளது.

இதனை விடுவிப்பவன் பிறவியிலேயே விவேகி, விடுவிக்கமாட்டாதவன் மந்தன் என்னும் எண்ணம் பெற்றோரிடத்து மாத்திரமன்றி ஆசிரியர் சிலரிடத்தும் வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணம் பிழையானது என்பதும், இவ்வினாக்களை விடுவிக்கும் முறை வகுப்பறையிலே எல்லா மாணவர்க்கும் வெளிப்படையாகக் கற்பிக்கத்தக்கது என்பதும் எமது கருத்து. இம்மலரில் எமக்குக் கிடைத்த சில பக்கங்களை இதன்பொருட்டே செலவிடத் துணிந்தோம்.

இவ்வினாவின் வரலாறு அறியத்தக்கது. மனிதருடைய பல்வேறு ஆற்றல்களுக்கும் அடியிலே பொதுவானதோர் அறிவாற்றல் உண்டு என்னுங் கொள்கையை ஆங்கில உளநூலறிஞர் சாள்ஸ் ஸ்பியமன் 1904ஆம் ஆண்டில் வெளியிட்டார். பொருள்களுக்கிடையே உள்ள உறவுகளைக் கண்டுகொள்வதே அவ்வாற்றலின் உயிர்நிலை என்பது அவர் துணிபு. அக்கொள்கையின் வழிநின்ற ஜோன் றேவன் என்பார், மனவளர்ச்சி குன்றியோரைப்பற்றி லயனல் பென்றோஸ் என்னும் மருத்துவ அறிஞர் நடாத்திய ஆராய்ச்சியிற் சேர்ந்து உழைத்தார். வீடுதோறும் பாடசாலைதோறுஞ் சென்று பலரையுஞ் சோதிக்க வேண்டியிருந்தமையால், அக்காலத்து வழங்கிய நீண்ட சோதனைகள் அவருக்குப் பெருஞ் சுமையாயின. எழுத்தறியாதவரும் விடையளிக்கத்தக்கதாகவும், சோதிப்பவருக்கு எளிதாகவும் ஒன்று வேண்டுமென்று கருதி அவர் வரைந்த உருவக் கட்டங்களே 1938ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. அந்நூலின் ஆங்கிலப் பெயரில் உள்ள கணிதச் சொல்லை நம் நாட்டுக் கணித ஆசிரியர்கள் தாயம் என்று தமிழாக்கி வழங்குகின்றனர். சோகி உருட்டி ஆடுந் தாயத்தை நினைந்து நகைப்பவர் நகைக்கட்டும். இரண்டிலுங் கட்டத்தைக் கடப்பதே காரியம்.

றேவன் வகுத்த சோதனையின் அமைப்பை உற்று நோக்குவோர்க்கு ஓருண்மை புலப்படும். அதன்கண் 60 வினாக்கள் உள. அவை தொகுதிக்கு 12 ஆக ஐந்து தொகுதிகளாய் நிற்பன. ஒவ்வொரு தொகுதியும் கண்ட அளவில் விடை தோன்றும் எளிய வினாவோடு தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகின்றது. முதல் வினா இரண்டாவதற்கு வழிகாட்டும். இரண்டாவது மூன்றாவதற்குத் துணைநிற்கும். வினாக்களின் ஒழுங்கே விடைகாணும் முறையிற் பயிற்சி தருதல் வேண்டும் என்பது ஆக்கியோன் கருத்து. விடையளிக்கக் காலவரையறையும் அவர் வைத்தாரல்லர். சுருங்கக் கூறின், அச்சோதனை மாணவனைச் சோதிக்கும்போதே அவனுக்கு ஆசிரியனாகவும் இருந்தது.

போட்டிப் பரீட்சைக்குள் இவ்வினா புகுந்தபோது நிகழ்ந்தது யாது? படிமுறை போயிற்று, எளியதும் அரியதும் கலந்து கிடக்கின்றன. பொறுமை போயிற்று, மணிக்கூட்டு முள் மாணவனின் முதுகிற் குத்திக்கொண்டிருக்கின்றது. ஆசிரியனாய் இருந்த பகுதியை அகற்றிவிட்டு, நீதிபதியாய் இருந்த பகுதியை மாத்திரம் வைத்துக்கொண்டோம். அகற்றப்பட்ட ஆசிரியன் எங்கே சென்றான் எனின், பிரத்தியேக வகுப்புக்குச் சென்றான். பணங்கொடுப்போர் பிள்ளைகள் பரீட்சை மண்டபத்துக்குள் நுழையுமுன்னரே இத்தகைய கட்டங்களை நூற்றுக்கணக்கிற் கண்டு பழகியிருக்கின்றனர். ஒதுக்குப்புறக் கிராமத்துச் சிறு பாடசாலையிலிருந்து வரும் பிள்ளையோ அவற்றை முதன்முதலாக வினாத்தாளிலேயே காண்கின்றது. இவ்விருவரையும் ஒரே தராசில் நிறுத்துக் கிடைத்த வேறுபாட்டுக்குப் பிறவி விவேகம் என்று பெயரிடுவது எந்த நியாயத்தின்பாற்படும்? இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது 1945ஆம் ஆண்டில். வறிய பிள்ளையின் திறமையைக் கண்டெடுத்து உயர்த்துதற்கே புலமைப்பரிசில் ஏற்பட்டது என்பதை மறந்துவிடலாகாது.

இனி, விடுவிக்கும் முறையைச் சிறிது காட்டுவோம். முதல் நிரையில் வட்டம், முக்கோணம், சதுரம் என மூன்று உருவங்கள். இரண்டாம் நிரையில் முக்கோணம், சதுரம், வட்டம். மூன்றாம் நிரையிற் சதுரம், வட்டம், அடுத்து வெற்றிடம் என்று வைத்துக்கொள்க. ஒவ்வோர் உருவத்துள்ளுங் கோடுகள் உள. முதல் நிரலில் உள்ளவற்றில் ஒவ்வொரு கோடு, இரண்டாம் நிரலில் இவ்விரண்டு, மூன்றாம் நிரலில் மும்மூன்று. அக்கோடுகள் முதல் நிரையிற் கிடையாகவும், இரண்டாவதிற் சாய்வாகவும், மூன்றாவதில் நிலைக்குத்தாகவும் அமைந்துள்ளன.

பழக்கமில்லாத மாணவன் எட்டுக் கட்டங்களையும் ஒருங்கே விழுங்கப் பார்க்கின்றான். ஆகவே தலை சுற்றுகின்றது. பழகியவன் ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொள்வான். முதலில் வெளியுருவம்: ஒவ்வொரு நிரையிலும் மூன்று உருவங்களும் ஒவ்வொரு முறை வருகின்றன, மூன்றாம் நிரையில் எஞ்சியது முக்கோணம். அதனைத் தாளின் ஓரத்திற் குறித்துவிட்டுக் கோடுகளின் தொகையை நோக்குவான்: மூன்று. பின் அவற்றின் திசை: நிலைக்குத்து. ஆகவே நிலைக்குத்தான மூன்று கோடுகளைக் கொண்ட முக்கோணமே விடை. இங்கே மேதைமைக்கு இடமில்லை. ஒரு நேரத்தில் ஒரு குணத்தை மாத்திரம் பார்ப்பது என்னும் ஒழுக்கமே வேண்டப்படுகின்றது.

இவ்வாறு ஒளிந்திருக்கும் விதிகளும் எண்ணிறந்தன அல்ல. பற்றீசியா காப்பென்ரர், மாசல் ஜஸ்ற், பீற்றர் ஷெல் என்னும் மூவர், இவ்வினாக்களை விடுவிப்போரின் கண்ணசைவையும் அவர்கள் வாய்விட்டுச் சொல்லும் எண்ணங்களையும் ஆராய்ந்து 1990ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். றேவனுடைய உயர்தரச் சோதனை வினாக்களிற் பெரும்பாலானவற்றை ஐந்து விதிகளுள் அவர்கள் அடக்கிக் காட்டினர். ஒரு குணம் நிரை முழுவதும் மாறாதிருத்தல் ஒன்று. அளவோ தொகையோ நிலையோ கட்டத்துக்குக் கட்டம் ஒழுங்காகக் கூடுதல் அல்லது குறைதல் மற்றொன்று. முதலிரு கட்டங்களின் உருவங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கூட்டவோ கழிக்கவோ மூன்றாவது பிறத்தல் இன்னொன்று. மூன்று வகைகள் ஒவ்வொரு நிரையிலும் ஒவ்வொன்றாகப் பங்கிடப்படுதலை மேலே கண்டோம். ஐந்தாவது சற்றுச் சூழ்ச்சியுடையது: ஒரு குணம் இரண்டு கட்டங்களில் மாத்திரம் வந்து மூன்றாவதில் இல்லாதொழியும். இல்லாமையும் ஒரு செய்தி என்பதை அறியாதவர் இதன்கண் தடுமாறுவர்.

வினா கடினமாவதற்குக் காரணம் விதியின் நுட்பம் மாத்திரமன்று. இரண்டு மூன்று விதிகள் ஒரே கட்டத்திற் கலந்து நிற்க, ஒன்றைக் காணும்போது மற்றொன்று மனத்திலிருந்து நழுவிவிடுதலும் பெருங் காரணம் என்று அம்மூவருங் கண்டனர். கண்டதைக் கண்டவுடன் ஓரத்திற் குறிக்க வேண்டும் என்று யாம் வற்புறுத்துவது இதுபற்றியே.

விடைகளைப் பற்றியும் ஒரு சொல். பிழையான விடைகளை வினாவமைப்போர் மனம்போன போக்கில் வரைவதில்லை. சரியான விடையில் ஒரு குணத்தை மாத்திரம் மாற்றி வைப்பர். வெற்றுக் கட்டத்துக்கு அண்மையில் உள்ள உருவத்தையே மீண்டும் வைத்துக் கண்ணை ஏமாற்றுவதும் உண்டு. ஆகவே முதலில் விடையை மனத்தில் வரைந்துகொண்டு, பின்னரே கீழே நோக்குதல் நன்று. இதற்கு மாறாக, விடைகளுள் எக்குணம் மிகுதியாக வருகின்றதோ அதனைத் தெரிந்தெடுத்து வினாவையே பாராது விடை கூறும் தந்திரமும் வழங்குகின்றது. இது மனிதர் தந்திரம் மாத்திரமன்று. கணினிகளுக்கு இவ்வகை விவேகம் உண்டோ என்று சோதிப்பதற்காக 2019ஆம் ஆண்டில் பெருந் தொகையான வினாக்கள் தொகுக்கப்பட்டு, அத்தொகுதிக்கு றேவன் பெயரே சூட்டப்பட்டது. அதன் விடைகளை மாத்திரம் காட்டினாலும், எட்டுக் கட்டங்களையுங் காணாமலே, சரியான விடையைப் பெரும்பாலும் தேர்ந்தெடுக்க யந்திரங்கள் கற்றுக்கொண்டன என்பது பின்னர் வெளியாயிற்று. விடைகளை வேறு முறையில் அமைத்து அத்தொகுதியைத் திருத்த வேண்டியதாயிற்று. வினாவைக் காணாது விடை கூறியவனை விவேகி என்போமா? யந்திரத்துக்கு மறுத்த பெயரை, அதே தந்திரத்தைப் பயின்ற மாணவனுக்கு மாத்திரம் எங்ஙனம் வழங்குவோம்?

பிறவி என்னும் வாதத்துக்கு ஜேம்ஸ் பிளின் என்னும் நியூசிலாந்துப் பேராசிரியர் 1987ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிய ஒரு செய்தியே தக்க விடை. ஒல்லாந்து நாட்டில் இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட இளைஞர் எல்லோரும் றேவனுடைய வினாக்களுக்கு விடையளிக்க வேண்டியிருந்தது. 1952ஆம் ஆண்டு இளைஞரோடு 1982ஆம் ஆண்டு இளைஞரை ஒப்பிட்டபோது, பின்னையோர் நுண்மதி ஈவில் ஏறத்தாழ 20 புள்ளிகள் உயர்ந்து நின்றனர். முப்பது ஆண்டுக்குள் ஒரு சனசமூகத்தின் பிறவிக் குணம் இத்துணை மாறுவதில்லை. தந்தையர் மந்தருமல்லர், மைந்தர் அனைவரும் மேதைகளுமல்லர். மாறியது அவர்கள் வளர்ந்த சூழல்: கல்வி, தொழில், அன்றாடங் கண்ணிற்படும் படங்களும் குறிகளும். பருப்பொருளை விட்டு உருவத்தையும் உறவையும் மாத்திரம் எண்ணிப் பார்க்கும் பழக்கம் பரவியது என்பதே பிளின் கூறிய விளக்கத்தின் சாரம்.

அப்பழக்கம் நமக்கு மேல்நாட்டார் கொணர்ந்த புதுமை என்று நினைத்தலுங் கூடாது. ஆளுடையபிள்ளையார் அருளிய மாலைமாற்றையும் திருவெழுகூற்றிருக்கையையும் ஓதும் கல்லூரி நமது. தண்டியலங்காரத்தின் சொல்லணியியலில் சருப்பதோபத்திரம் என்றொரு சித்திரகவி கூறப்படுகின்றது. எட்டெழுத்தாலாகிய நான்கு அடிகளை மேலிருந்து கீழாகவும், பின்னர் கீழிருந்து மேலாகவும் அறுபத்து நான்கு அறைகளில் எழுதி, எப்பக்கம் படிப்பினும் அச்செய்யுளே வருமாறு அமைப்பர். அதில் ஓர் அறையை மறைத்து அதற்குரிய எழுத்து யாது என்று வினவினால், செய்யுளின் பொருள் அறியாத சிறுவனும் எதிர்ப்பக்கத்து அறையைப் பார்த்து விடை கூறிவிடுவான். இதுவுங் கட்டமே, வெற்றிடமே, உறவே. சித்திரகவியை வெறுஞ் சொற்சிலம்பம் என்று தள்ளிய தமிழாசிரியர்கள் சற்றே மீண்டும் நோக்குவார்களாக.

கற்பித்தால் சோதனை கெட்டுவிடுமே என்று சிலர் தடை நிகழ்த்துவர். கற்பியாத சோதனை இன்று எங்கேயுள்ளது? மாதிரி வினாத்தாட் புத்தகம் விற்காத புத்தகசாலையை யாம் கண்டதில்லை. சிலருக்குக் கற்பித்தலே சோதனையைக் கெடுக்கின்றது. எல்லார்க்குங் கற்பித்தல் அதனை ஓரளவேனுஞ் செம்மை செய்யும்.

ஆயினும் இதற்கோர் எல்லை வேண்டும். கட்டங்களிற் பயின்றவன் கட்டங்களில் வல்லவனாவான். அதனால் இலக்கணத்திலோ விஞ்ஞானத்திலோ அவன் விவேகம் பெருகும் என்று எதிர்பார்த்தல் வீண். ஐந்து விதிகளும், ஒன்றை ஒன்றாக நோக்கும் பழக்கமும் படிந்தபின் மேலும் நூறு தாள்களைப் பத்து வயதுக் குழந்தையின் தலையிற் சுமத்துவது கொடுமை. மாலையில் விளையாட வேண்டிய பிள்ளையை மேசையில் இருத்தி, கட்டத்துக்குள் முக்கோணத்தைத் தேடச் செய்யும் பெற்றோர்க்கு எமது கல்லூரி துணைபோகலாகாது.

யாம் வேண்டுவது சிறிது. ஆரம்பப் பிரிவின் மேல் வகுப்புகளில் ஒரு தவணைக்கு வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கினாற் போதும். நேரங் குறியாமல், எளியதிலிருந்து அரியதற்கு, றேவன் வகுத்த ஒழுங்கிலே செல்லுதல் வேண்டும். விடை சரியா பிழையா என்று மாத்திரம் கூறி அமையாது, எந்த விதியைக் கண்டாய் என்று ஆசிரியர் வாய்மொழியாகக் கேட்டல் வேண்டும். விதியைச் சொல்லத் தெரியாமல் விடையை மாத்திரஞ் சரியாகக் குறித்தவனுக்குப் பாதிப் புள்ளியே போதும். அயற் பாடசாலைப் பிள்ளைகளையும் சனிக்கிழமைகளில் இப்பாடத்துக்கு அழைத்தல் எமது கல்லூரிக்கு அழகு.

இதற்குப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. உயர்தர வகுப்புக் கணித மாணவர் ஆளுக்கு இரண்டு கட்டங்கள் அட்டையில் வரைந்து நூல்நிலையத்தில் வைக்கலாம். மட்டையும் மையும் பழைய மாணவர் சங்கம் உதவட்டும். விடுவிப்பதினும் அமைப்பது கடினமாதலால் வரைபவனே மிகுதியாகக் கற்பான். கீழ்வகுப்புச் சிறுவன் ஒருவன் ஒரு கட்டத்துக்கு இரண்டு விடைகள் பொருந்துகின்றன என்று காரணத்துடன் காட்டுவானாயின், அவ்வட்டை திருத்துவதற்காக வரைந்த அண்ணனிடமே திரும்பிச் செல்லட்டும்.