அக்காவுக்கு அட்வைஸ் வேண்டாம், துணை வேண்டும்!

"குண்டு பூசணி" என்பான் தம்பி. "வாயைக் கட்டுடி" என்பார் சித்தி, சொல்லிவிட்டு அதே கையால் இன்னொரு ஜாங்கிரியும் வைப்பார்! இதற்குப் பெயர் அக்கறையாம்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேருக்கு எடை அதிகம். இத்தனை பேருக்கும் வாய்க்கொழுப்பு மட்டும்தான் காரணமா? தட்டு நிறையச் சோறு, தெருமுனைக்குப் போகவும் வண்டி... இது மொத்த வீட்டின் பழக்கம். பழி மட்டும் ஒருத்திக்கா?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகநடை போன்ற மிதமான உடற்பயிற்சி. அதாவது தினம் அரைமணி, ஐந்து நாள். மயிலாப்பூருக்கு நாகேஸ்வரராவ் பூங்கா, தி.நகருக்கு நடேசன் பூங்கா, அடையாறுக்குப் பக்கத்திலேயே எலியட்ஸ் பீச். இடத்துக்கா பஞ்சம்? நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம்தான் காலைக் கட்டுகிறது. அந்தக் கூச்சத்தை வளர்த்ததே வீட்டுக் கேலிதான்!

அவளுக்கு மட்டும் ஓட்ஸ், தம்பிக்குப் பூரி என்றால் அது உதவியல்ல, தண்டனை. தட்டு எல்லோருக்கும் ஒன்றாக மாறட்டும். காலை ஆறு மணிக்கு எழுந்து கூட நடக்காத தம்பிக்குக் கேலி பேச என்ன யோக்யதை?